அறுபத்து நான்கு கட்டத்துக்கு அறுபத்து நான்கு கோர் வேண்டுமா?

பங்குனி மாதத்தில் ஒரு நாள், கடையை மூடும் நேரம் பார்த்து என் ஆச்சியின் மகன் வந்தான். (உடன்பிறந்த அக்காளை எங்கள் பக்கத்தில் ஆச்சி என்றுதான் அழைப்போம், ஓட்டல் பலகையில் பார்க்கும் ஆச்சி வேறு.) கையில் நான்காக மடித்த ஒரு காகிதம். காரைக்குடியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணினி விற்றும் பழுது பார்த்தும் பிழைக்கிறவன் நான் என்பதால், பிரிக்காமலே அது விலைப்பட்டியல் என்று தெரிந்துவிட்டது. பதினாறு கோர் (தனித்தனியே கணக்குப் போடும் பகுதி) கொண்ட பிராசசர், 64 ஜிபி மெமரி, தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் கூலர், பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினட். கூட்டினால் ஒன்றரை லட்சத்தைத் தொட்டது.

“அம்மான், நீங்களே வரவழைத்துக் கொடுத்தால் பத்துப் பதினைந்தாயிரம் குறையுமில்லையா?” என்றான்.

பொறியியல் இறுதியாண்டு படிக்கிறான். இரண்டு வருடமாக ஒரு செஸ் இன்ஜின், அதாவது தானே செஸ் ஆடும் நிரல், எழுதிவருகிறான். அதைப் போட்டிகளில் இறக்க வேண்டும், அதற்கு வலுவான இயந்திரம் வேண்டும் என்பது அவன் கட்சி. பணம் அவனுடைய ஆயாவுடையது, அதாவது என் ஆத்தாவுடையது. முதிர்ந்துவிட்ட ஒரு வைப்புத்தொகை. ஆத்தாவின் பணம் என்றால் நூறு ரூபாய்க்கு நூறு ரூபாய் கணக்கு ஒப்பிக்க வேண்டும். விற்றால் எனக்கு லாபம் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து இருவரும் வழிகளை எடைபோட்டோம். நான்கு வழி தேறியது: அந்தப் பதினாறு கோர் கணினி, பெரிய கிராபிக்ஸ் கார்டு வைத்த கணினி, போட்டி நாளில் மட்டும் கிளவுடில் அறுபத்து நான்கு கோர் சர்வரை வாடகைக்கு எடுப்பது, அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பழைய கணினிகளை வாங்கிக்கொண்டு மிச்சத்தை வங்கியிலேயே விடுவது. அதே கேள்வியோடு வேறு பையன்களும் பெற்றோரும் வரக்கூடும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

பெரிய மாடு, பூஞ்சிட்டு

கணினி செஸ்ஸின் உலகப் போட்டி 1974இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கியது. இன்ஜினை எந்த இயந்திரத்தில் ஓட்டலாம் என்பதற்கு அப்போது கட்டுப்பாடே இல்லை. பல்கலைக்கழகத்திலோ ஆய்வகத்திலோ யாருக்கு எது கிடைக்கிறதோ அதில் ஓட்டினார்கள். இயந்திரம் ஓர் ஊரில் இருக்கும். போட்டி அரங்குக்குத் தொலைபேசிக் கம்பி மட்டும் வரும். முதல் பட்டம் சோவியத் நாட்டின் காயிஸா என்ற இன்ஜினுக்குப் போனது. 1980இல் லின்ஸ் நகரில் வென்ற பெல், கென் தாம்சனும் ஜோ காண்டனும் செஸ்ஸுக்கென்றே மின்சுற்று கட்டி உருவாக்கியது. நொடிக்கு ஏறத்தாழ 1,60,000 நிலைகளை, அதாவது பலகையில் காய்கள் நிற்கக்கூடிய அமைப்புகளை, பார்த்தது. 1983லும் 1986லும் கிரே சூப்பர் கம்ப்யூட்டரில் ஓடிய கிரே பிளிட்ஸ். 1989இல் தனிச் சில்லுகளோடு வந்த டீப் தாட். இந்தப் பதினைந்து வருடத்தை மட்டும் பார்த்தால் மருமகன் சொல்வதில் பிழையில்லை. பெட்டி பெரியதானால் பட்டம்.

அதற்கு அடுத்த கதைதான் எனக்குப் பிடித்தது. 1992இல் மாட்ரிட்டில் பட்டம் வென்றது சாதாரணக் கணினிக்குள் செருகும் ஓர் அட்டை. அதில் இருந்தது ஏஆர்எம் வகைச் சிறிய பிராசசர். 1995இல் ஹாங்காங். ஐபிஎம் நிறுவனத்தின் டீப் ப்ளூ முன்மாதிரி வந்திருந்தது. ஸ்டார் சாக்ரடீஸ் என்ற இன்ஜின், அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் 1,824 பிராசசர்கள் கொண்ட இன்டெல் பாரகன் இயந்திரத்தில் ஓடியது. இவற்றுக்கு நடுவே ஃபிரிட்ஸ் 3, 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் ஒன்றில். அந்தக் காலத்தில் கடையில் விற்ற பென்டியம்தான். ஃபிரிட்ஸ் ஐந்தாவது சுற்றில் டீப் ப்ளூவை வென்றது. கடைசியில் ஸ்டார் சாக்ரடீஸோடு சமப் புள்ளியில் நின்று, தீர்மான ஆட்டத்தில் அதையும் வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டது. ஒன்று, ஆயிரத்து எண்ணூற்று இருபத்து நான்கை வென்றது.

இதைச் சொன்னதும் மருமகன் விடவில்லை. “இரண்டே வருடத்தில் டீப் ப்ளூ காஸ்பரோவையே வென்றதே, அம்மான்?” உண்மைதான். 1997இல் 480 செஸ் சில்லுகளோடு, நொடிக்கு 20 கோடி நிலைகள் என்ற வேகத்தில் 3.5–2.5 என்று வென்றது. ஆனால் 2009இல் புவெனோஸ் ஐரெஸில் நடந்த ஒரு போட்டியில் பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 என்ற இன்ஜின் ஒரு கைபேசியில் ஓடி, பத்து ஆட்டத்தில் ஒன்பதரைப் புள்ளி எடுத்தது. நொடிக்கு இருபதாயிரம் நிலைகள்கூடப் பார்க்கவில்லை. டீப் ப்ளூவின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எதிரே இருந்தவர்கள் காஸ்பரோவ் அல்லதான். ஆனாலும் கைபேசி என்பது கைபேசி. பன்னிரண்டு வருடத்தில் நடுவில் மாறியது எதைப் பார்ப்பது, எதைத் தள்ளுவது என்ற அறிவு.

ஆனால் அறிவு இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கும்போது பெட்டி மறுபடி பேச ஆரம்பித்துவிடும். 2008இல் பெய்ஜிங்கில் ரிப்கா என்ற இன்ஜின் 40 கோர்கள் கோத்த கணினிக் கூட்டத்தில் ஓடி வென்றது. மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். 2009இல் பாம்ப்லோனா போட்டிக்கு எட்டு கோர் என்று வரம்பு விதித்தார்கள்; இப்போது பெரிய இயந்திரம் வைத்திருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். 2010இல் கனசாவாவில் இரண்டாகப் பிரித்தார்கள்: யார் எதை வேண்டுமானாலும் கொண்டுவரும் பழைய போட்டி ஒன்று, எல்லா இன்ஜினும் ஒரே மாதிரிக் கணினியில் ஓடும் மென்பொருள் போட்டி ஒன்று. முதலாவதில் ரிப்கா வென்றது (அடுத்த ஆண்டு வேறு காரணத்துக்காக அதன் பட்டங்கள் பறிக்கப்பட்டன, அது தனிக் கதை). இரண்டாவதில் ஷ்ரெடர் வென்றது. 2015இல் லைடனில் திறந்த போட்டியை வென்ற ஜானி, பல்கலைக்கழகக் கணினிக் கூட்டத்தின் 2,400 கோர்களில் ஓடியது.

எங்கள் சீமையில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை இருக்காது. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்துத்தான் வண்டியை விடுவார்கள். பூஞ்சிட்டைக் கொண்டுபோய்ப் பெரிய மாட்டோடு விட்டுவிட்டுச் சாரதி சரியில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செஸ் இன்ஜின் உலகம் அந்த முடிவுக்கு வர முப்பத்தாறு வருடம் எடுத்துக்கொண்டது.

பதினாறு கணக்கப்பிள்ளைகள்

இப்போது முதல் வழிக்கு வருகிறேன். விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி இது: “உன் இன்ஜின் எத்தனை கோரில் ஓடும்?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “இப்போதைக்கு ஒன்றில்தான், அம்மான். மற்றதைக் கோடையில் எழுதிவிடுவேன்.”

அதாவது பதினாறு கோரில் பதினைந்து சும்மா உட்கார்ந்திருக்கும். சரி, எழுதிவிடுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். பதினாறு கோர் பதினாறு மடங்கு பலம் தராது. காரணம் செஸ் தேடலின் சுபாவம். ஆல்ஃபா-பீட்டா என்ற முறையில், முதலில் பார்த்த நகர்த்தல் நல்லது என்று தெரிந்த பிறகுதான் மற்ற நகர்த்தல்களைப் பார்க்காமலே தள்ள முடியும். ஒன்றின் முடிவு தெரியாமல் இன்னொன்றைத் தொடங்கினால், தள்ளியிருக்க வேண்டியதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். ஒரே பேரேட்டைப் பதினாறு கணக்கப்பிள்ளைகளிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னதுபோல. பாதிப் பேர் அடுத்தவர் பார்த்த பக்கத்தையே மறுபடி கூட்டிக்கொண்டிருப்பார்கள். இன்று பெரும்பாலான இன்ஜின்கள் செய்வது ஓர் எளிய ஏற்பாடு. முன்னணி இன்ஜினான ஸ்டாக்ஃபிஷும் 2016இல் வந்த அதன் 7ஆம் பதிப்பில் அதற்குத்தான் மாறியது. எல்லாரும் ஒரே மரத்தைத் தேடட்டும், பார்த்த நிலைகளின் முடிவைப் பொதுவான ஹாஷ் அட்டவணையில் குறித்துவைக்கட்டும், பின்னால் வருகிறவர் குறிப்பைப் பார்த்து அந்தப் பக்கத்தைத் தாண்டட்டும் என்பதுதான் அது. நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நொடிக்கு எத்தனை நிலை என்ற எண் ஏறுகிற அளவுக்கு ஆட்டத்தின் பலம் ஏறுவதில்லை. விளம்பரத்தில் காட்டுவது முதல் எண்ணை.

பலத்தை எலோ புள்ளியில் அளப்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் தாம்சன் பெல்லை அதனோடேயே மோதவிட்டுப் பார்த்தார். ஆழம் ஒரு படி, அதாவது முன்கூட்டிப் பார்க்கும் நகர்த்தல் ஒன்று, கூடினால் ஏறத்தாழ 200 எலோ கூடியது. அது ஆழம் குறைந்த காலம். இன்று ஓர் இன்ஜின் சாதாரணமாக இருபது, முப்பது படி ஆழம் போகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ ஒரு படி கூடுதலாகக் கிடைக்கும். குறுகிய நேர ஆட்டத்தில் அது 50 முதல் 70 எலோ என்பது இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆட்ட நேரம் நீளநீள, இன்ஜின் வலுக்கவலுக்க அதுவும் தேயும், ஏனென்றால் வலிய இருவர் நிதானமாக ஆடினால் பெரும்பாலும் சமன்தான்.

இதற்கு எதிரே ஓர் இளம் இன்ஜினில் சும்மா கிடைக்கும் புள்ளிகளை வைத்துப் பார்க்க வேண்டும். நகர்த்தல்களைத் தேடும் வரிசையைச் சீராக்குவது, பயனற்ற கிளைகளை வெட்டுவது, பின்னால் வரும் நகர்த்தல்களை ஆழம் குறைத்துப் பார்ப்பது — இவை ஒவ்வொன்றும் வேகத்தை இரட்டிப்பாக்கியதற்கு ஈடாகவோ மேலாகவோ கொடுக்கும். மருமகனின் இன்ஜினில் இவற்றில் ஒன்று இல்லவே இல்லை. இன்னொன்றில் பிழை இருந்தது. அதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசைதான், அவனே கண்டுபிடித்தான்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டைக் குளிர வைப்பது அந்தத் தூண் அல்ல. முற்றமும், சுண்ணாம்புச் சுவரும், தலைவாசலில் நின்றால் கொல்லை தெரியும்படி வைத்த வாசல் வரிசையும். கோர் எண்ணிக்கை முகப்புத் தூண்.

கிராபிக்ஸ் கார்டின் மயக்கம்

இரண்டாவது வழிக்கு அவனை இழுத்தது ஆல்ஃபாஜீரோ. 2017 டிசம்பரில் வெளியான கதை: தன்னோடு தானே ஆடிக் கற்ற நரம்பு வலை (மூளை நரம்புகளின் பாணியில் அமைத்த, தானே கற்கும் நிரல்), ஸ்டாக்ஃபிஷ் 8ஐ நூறு ஆட்டத்தில் 28 வெற்றி, 72 சமன், தோல்வி இல்லாமல் முடித்தது. ஆல்ஃபாஜீரோ நொடிக்கு 80,000 நிலைகளே பார்த்தது. ஸ்டாக்ஃபிஷ் ஏழு கோடி. வேகம் பலமல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்று தோன்றும். ஆனால் அந்த 80,000ஐப் பார்க்கக் கூகுள் தனியாகச் செய்த நான்கு டிபியூ சில்லுகள் தேவைப்பட்டன. எதிரே ஸ்டாக்ஃபிஷுக்கு 64 திரெட் (ஒரே நேரத்தில் நடக்கும் தனித்தனி வேலை) கொடுத்துவிட்டு ஹாஷுக்கு ஒரே ஒரு ஜிபி. இது சம ஆட்டமா என்று அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. ஓயவும் ஓயாது, ஏனென்றால் இரண்டு வகை இயந்திரத்தையும் நிறுக்க ஒரே தராசு கிடையாது. விலையால் நிறுத்தால் ஒரு விடை, மின்சாரத்தால் நிறுத்தால் வேறு விடை. அதே வழியில் வந்த லீலா என்ற இன்ஜின், கிராபிக்ஸ் கார்டில் ஓடி 2019இல் டிசெக் என்ற இணையவழி இன்ஜின் போட்டியில் ஸ்டாக்ஃபிஷை வென்றபோதும், கார்டுக்கு எத்தனை கோர் சமம் என்றுதான் பேச்சு.

2020இல் நிலைமை மாறியது. ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்துக்காக யூ நாசு என்பவர் 2018இல் கண்ட ஒரு சின்ன நரம்பு வலையை ஸ்டாக்ஃபிஷ் 12 எடுத்துக்கொண்டது. என்என்யூஈ என்று பெயர். இதற்குக் கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். சூட்சுமம் நகரத்தார் கணக்கு எழுதும் எவருக்கும் புரியும். தினமும் ஐந்தொகையை முதலிலிருந்து கூட்டமாட்டோம். நேற்றைய இருப்பில் இன்றைய பற்றையும் வரவையும் மட்டும் சேர்ப்போம். ஒரு குதிரை நகர்ந்தால் பலகையில் மாறுவது இரண்டு கட்டம்தான். அதனால் வலையின் பெரிய முதல் அடுக்கை முழுதாகக் கணக்கிடாமல், பழைய கட்டத்துக்கு உரியதைக் கழித்துப் புதிய கட்டத்துக்கு உரியதைக் கூட்டினால் போதும். ஸ்டாக்ஃபிஷ் 12, ஸ்டாக்ஃபிஷ் 11ஓடு மோதினால் தோற்கும் ஆட்ட ஜோடிகளைப்போல (ஒரே தொடக்கத்தை நிறம் மாற்றி இருமுறை ஆடுவது ஒரு ஜோடி) குறைந்தது பத்து மடங்கு ஜோடிகளை வெல்லும் என்று அதை வெளியிட்டவர்கள் சொன்னார்கள். இதற்காக யாரும் புதுக் கணினி வாங்கவில்லை.

ஆகவே ஆடுவதற்குக் கார்டு வேண்டாம். வலையைப் பயிற்றுவிக்கக் கார்டு உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு நடுத்தரக் கார்டு போதும், கல்லூரி ஆய்வகத்தில் கேட்டாலும் கிடைக்கும். ஓர் எச்சரிக்கை மட்டும். என்என்யூஈயின் வேகம் பிராசசரில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இருப்பதைப் பொறுத்தது. இன்டெல் கோர் வரிசையில் 2013இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்து அது இருக்கிறது. அதற்கு முந்தையதை யார் சும்மா கொடுத்தாலும் இந்த வேலைக்கு வாங்காதீர்கள். ஏஎம்டி ரைசனில் 5000 வரிசைக்கு முந்தைய பலவற்றில் பிஎம்ஐ2 வகைக் கட்டளை ஒன்று மந்தம், ஆகவே அங்கே இன்ஜினின் பிஎம்ஐ2 தொகுப்பை (அந்தக் கட்டளைகளுக்கென்று தயாரித்த நிரல் கோப்பை) விட்டு ஏவிஎக்ஸ்2 தொகுப்பைப் பயன்படுத்த வேண்டும். சரியான தொகுப்பைத் தேர்ந்தெடுக்கக் காசு வேண்டாம்.

வாடகை

மூன்றாவது வழியை இரண்டு மாலையில் முடித்துவிட்டோம். அறுபத்து நான்கு என்று கிளவுட் நிறுவனங்கள் சொல்வது பெரும்பாலும் அறுபத்து நான்கு திரெட்; உண்மையான கோர் அதில் பாதி. மணிக்கு இருநூறு முந்நூறு ரூபாய் என்று வைத்தால், வார இறுதிப் போட்டி ஒன்றுக்கு ஐந்தாறாயிரம். சொந்தமாக வாங்குவதைவிட மலிவுதான். எடுக்க வேண்டுமென்றால் இப்படித்தான் எடுக்க வேண்டும்; வருடத்தில் நான்கு நாள் ஓடும் இயந்திரத்தை ஒன்றரை லட்சம் கொடுத்து வீட்டில் வைப்பது கல்யாணத்துக்கு வாங்கிய அண்டா போல. ஆனால் ஒரே கோரில் ஓடும் இன்ஜினுக்கு இதுவும் வீண். சர்வர் கோர்கள் தனித்தனியாகப் பார்த்தால் வீட்டுக் கணினிக் கோரைவிட மந்தம் என்பதால், அவன் இன்ஜின் அங்கே இன்னும் மெதுவாகவே ஓடும். நடுவில் இணைப்பு அறுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

இராத்திரி ஓடும் பெட்டி

நான்காவது வழியை நான் சொன்னபோது மருமகன் முகம் வாடிவிட்டது. மாமன் கஞ்சன் என்று நினைத்திருப்பான். ஆனால் இயந்திரம் உண்மையிலேயே எங்கே தேவைப்படுகிறது என்று பார்த்தால் விடை போட்டி நாளில் இல்லை. அதற்கு முந்தைய முந்நூறு இரவுகளில் இருக்கிறது.

இன்ஜினில் ஒரு மாற்றம் செய்கிறோம். நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? பழையதையும் புதியதையும் மோதவிட வேண்டும். 5 எலோ முன்னேற்றம் என்றால் நூறு ஆட்டத்தில் 50.7 புள்ளி. இதை இருபது ஆட்டம் வைத்துப் பார்ப்பது, பிள்ளையார்பட்டியில் கூட்டம் எத்தனை என்று ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்துச் சொல்வதற்குச் சமம். நியாயமான உறுதியோடு சொல்ல, நான் போட்ட கணக்கில், ஏறத்தாழ 12,000 ஆட்டம் வேண்டும். பத்து நொடிக் குறு ஆட்டம் ஒன்று முடிய நாற்பது நொடி என்று வையுங்கள். அவன் மடிக்கணினியில் ஒரே நேரத்தில் மூன்று ஆட்டம் ஓட்டலாம்: 44 மணி நேரம். பதினாறு கோர் கணினியில், ஒரு கோரை இயங்குதளத்துக்கு விட்டுவிட்டுப் பதினைந்து ஆட்டம்: 9 மணி நேரத்துக்கும் குறைவு. ஆறு கோர் பழைய கணினி இரண்டில், பெட்டிக்கு ஐந்தாகப் பத்து ஆட்டம்: 13 மணி நேரம் சொச்சம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பன்னிரண்டாயிரம் தனித்தனி ஆட்டங்களுக்குக் கோர் கூடினால் வேலை நேர்விகிதத்தில் குறையும். ஒரே பேரேட்டைப் பதினாறு பேர் பார்க்கும் சிக்கல் இங்கே இல்லை, ஆளுக்கொரு பேரேடு. எனவே பதினாறு கோர் வீண் என்று நான் சொல்லவே இல்லை. அவன் நினைத்த இடத்தில் வீண், நினைக்காத இடத்தில் தங்கம். ஸ்டாக்ஃபிஷின் பலத்துக்குப் பின்னால் இருப்பதும் இதுதான். 2013இல் கேரி லின்ஸ்காட் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட் என்ற ஏற்பாட்டில், உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் கணினியின் ஓய்வு நேரத்தை இந்தச் சோதனை ஆட்டங்களுக்குக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் அந்தச் சல்லடையில் சலித்துத்தான் உள்ளே போகிறது. இரண்டு கணினியின் வேகம் வேறாக இருந்தாலும் குற்றமில்லை. ஓர் ஆட்டத்தின் இரு பக்கமும் ஒரே பெட்டியில்தானே ஓடுகின்றன.

மெமரிக்கு அதிகம் கொட்ட வேண்டாம். குறு ஆட்டத்துக்கு இன்ஜினுக்கு 64 எம்பி ஹாஷ் போதும். பத்து இன்ஜின் ஓடினாலும் ஒரு ஜிபியைத் தாண்டாது. இறுதியாட்ட அட்டவணைகள் (சில காய்களே மிஞ்சிய நிலைகளின் முடிவை முன்பே கணக்கிட்டு வைத்தவை) வேண்டுமென்றால் ஐந்து காய் வரைக்கும் ஒரு ஜிபிக்குள் அடங்கும். ஆறு காய்க்கு 150 ஜிபி, அதற்கு எஸ்எஸ்டி. ஏழு காய்த் தொகுதி 17 டிபி பக்கம். அதை வாங்கிச் சேமிக்க ஆசைப்பட்டால் என் கடைக்கு வாருங்கள், சந்தோஷமாக விற்பேன்.

வெயிலும் மின்சாரமும்

இதை வெளியூர் வழிகாட்டிகளில் யாரும் எழுதுவதில்லை. சித்திரை வைகாசியில் எங்கள் ஊரில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். என் கடைக்கு மேலே தகரக் கூரை. அவன் மடிக்கணினியை அங்கே வைத்து ஓட்டியபோது, பத்து நிமிடத்தில் சூடேறி, பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. நொடிக்கு எத்தனை நிலை என்ற எண் கண்ணெதிரே சரிந்தது. அதே கணினியைக் கானாடுகாத்தானில் ஆத்தா இருக்கும் பழைய வீட்டுக்குக் கொண்டுபோய், முற்றத்துக்குப் பக்கத்தில் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வைத்து மதியம் இரண்டு மணிக்கு ஓட்டினோம். சரிவு மிகக் குறைவு. நூறு வருடத்துக்கு முன்னால் வீடு கட்டிய கொத்தனாருக்குத் தான் செஸ் இன்ஜினுக்குக் குளிர்சாதனம் கட்டுகிறோம் என்று தெரிந்திருக்காது.

சோதனை ஆட்டத்தில் இந்தச் சூடு வெறும் அசௌகரியம் அல்ல. வேகம் நடுவில் மாறினால் நேரத்துக்குள் நகர்த்த முடியாமல் ஓர் இன்ஜின் தோற்கும். அது கணக்கில் தோல்வியாக ஏறும். நாம் நல்ல மாற்றத்தைக் கெட்டது என்று தூக்கி எறிவோம்.

மின்சாரமும் அப்படித்தான். பழைய அலுவலகக் கணினி ஒன்று முழு வேலையில் 120 வாட் இழுக்கும் என்று வைத்தால், இரவும் பகலும் ஓட்டினால் இரண்டு மாதப் பட்டியலில் 172 யூனிட். நமக்குக் கிடைக்கும் நூறு யூனிட் சலுகையை அந்த ஒரு பெட்டியே தின்றுவிட்டு மேலும் கேட்கும். பதினாறு கோர்க் கணினி 250 வாட் என்றால் 360 யூனிட். யுபிஎஸ் இல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம்; பத்தாயிரமாவது ஆட்டத்தில் மின்சாரம் போனால் இருபத்து மூன்று வயதுப் பையன் என்ன சொல்வான் என்பதை எழுத முடியாது.

ஆத்தா கேட்டது

அந்த வாரக் கடைசியில் கானாடுகாத்தான் வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து ஆத்தாவிடம் நான்கு வழியையும் சொன்னோம். ஆத்தாவுக்குச் செஸ் தெரியாது. பல்லாங்குழி தெரியும், வட்டிக் கணக்கு நன்றாகவே தெரியும். முழுதையும் கேட்டுவிட்டு மருமகனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏப்பா, போட்டியில் ஓடப்போவது இந்தப் பெட்டியா, அவர்கள் பெட்டியா?”

ஒரு வாரமாக நாங்கள் இருவரும் சரியாகக் கேட்டுக்கொள்ளாத கேள்வி. இன்று ஓர் இன்ஜினுக்குப் பெயர் வாங்கிக்கொடுக்கும் இடங்களில், டிசெக் ஆகட்டும், செஸ்.காம் நடத்தும் இன்ஜின் போட்டி ஆகட்டும், நடத்துகிறவர்களின் கணினியில்தான் எல்லாரும் ஓடுகிறார்கள். இன்ஜின்களுக்குத் தரவரிசை போடும் சிசிஆர்எல் குழுவினரும் தங்கள் கணினிகளில்தான் சோதிக்கிறார்கள். அவரவர் இயந்திரத்தோடு வரும் அந்தப் பழைய உலகப் போட்டியோ 2024இல் சாண்டியாகோ டி கம்போஸ்டெலாவோடு நிறைவு பெற்றுவிட்டது. மருமகன் ஒன்றரை லட்சத்துக்கு வாங்கும் பெட்டியைப் போட்டிக்குள் கொண்டுபோக வாசலே ஏறத்தாழ இல்லை.

நாற்பதாயிரத்துக்குள் முடிந்தது. எட்டாம் தலைமுறை இன்டெல், ஆறு கோர், அலுவலகம் ஒன்று கழித்த கணினிகள் இரண்டு, 16 ஜிபி மெமரியோடு. காற்றாடிகளைக் கழற்றித் துடைத்து, பிராசசர் மேல் பசையைப் புதிதாகத் தடவிக் கொடுத்தேன். அதற்குக் கூலி வாங்கவில்லை. யுபிஎஸ் தனிக் கணக்கு. மிச்சம் மறுபடி வைப்புத்தொகைக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து இன்ஜின் பல கோரில் ஓடக் கற்று, சோதனைகள் வரிசையில் காத்துக்கிடக்கும் நிலை வந்தால், அந்தப் பதினாறு கோர்க் கணினியை நானே வரவழைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக் கேபினட் இல்லாமல்.

முதல் சோதனை ஒரு வெள்ளிக்கிழமை இராத்திரி தொடங்கியது. வெட்டும் முறையில் அவன் திருத்திய அந்தப் பிழை: எண்ணூறு ஆட்டம் முடிவதற்குள்ளேயே புதியது தெளிவாக முந்திவிட்டது, அன்று அவன் சாப்பிடவே இல்லை. இரண்டாவது சோதனை ராஜாவின் பாதுகாப்பைக் கணிக்கும் ஒரு சின்னத் திருத்தம். ஆறாயிரம் ஆட்டம் முடிந்து பார்த்தால் 3 எலோ கூடுதல், முன்னே பின்னே 7. நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. காலையில் கைபேசியில் அழைத்தான்.

“இன்னொரு இராத்திரி ஓடட்டுமா, அம்மான்?”

மின் கட்டணத்தை ஆத்தாவிடம் யார் சொல்வது என்று கேட்டேன்.